கயிறும் மெட்டும்

(மன்னாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மன்னாரின் பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். நான் தொடங்கப்போவது லண்டனில். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் நம் கரைக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்தில், தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பாதுகாவலரான புனித பத்திரீசியாரின் விழாவைக் கொண்டாடும் காலம் அது. தெருவெங்கும் பச்சை உடை. ஒரு மூலையில் வயதானவர் ஒருவர் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் குதிகாலைத் தரையில் தட்டி ஆடினார்கள். என்னோடு வந்த தங்கையின் மகள் ஏழெட்டு வருடம் கர்நாடக வயலின் படித்தவள். என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மாமா, இது வந்தே மீனாட்சி!" என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் சுரத்தை முணுமுணுத்துக் காட்டினாள். சட்சத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையில் இரண்டு கால்களும் மாறி மாறித் தாவுவதுபோல் ஒரு தாவல். பிறகு ஒரு படி இறங்கி, நிஷாதத்துக்கும் ரிஷபத்துக்கும் இடையில் அதே தாவல். கிழவர் வாசித்ததும் அதுதான். ஓய்ந்து வில்லைக் கீழே வைத்தபோது அவரிடம் கேட்டோம். 'ரேக்ஸ் ஒஃப் மாலோ' என்று பெயர் சொன்னார். மாலோ என்ற ஊரின் களியாட்டக்காரர்கள் என்று பொருள். தங்கள் பக்கத்தில் இதைப் பொல்கா நடன மெட்டாக வாசிப்பார்கள் என்றும் சொன்னார். அது மதுரை மீனாட்சியின் பாட்டு என்று மருமகள் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை, முன்னையிலும் மெதுவாக, அவளுக்காகவே வாசித்தார்.

அன்று தொடங்கிய தேடலைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன். நம் ஊரில் புதிதாக ஒருவர் வந்தால் அவர் ஊரையும் பெற்றோரையும் அறிய இரண்டு கேள்வி கேட்போம். எந்த ஊர்? ஆற்றை பிள்ளை? ஒரு மெட்டைப் பார்த்து இந்த இரண்டையும் கேட்டால் என்ன பதில் வரும்?

முதலில் ஊர். மாலோ, அயர்லாந்தின் தெற்கே கோர்க் மாவட்டத்தில் ஆற்றங்கரையில் உள்ள பட்டணம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே மருத்துவ ஊற்று இருந்தது. ஊற்றில் குளிக்க என்று வந்த செல்வர் வீட்டு இளைஞர்கள் குடித்துக் கும்மாளமிட்டதைத்தான் பெயர் சொல்கிறது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மெட்டு அச்சேறிவிட்டது. 1952இல் வந்த 'த குவயற் மான்' என்ற ஹொலிவூட் படத்தின் பின்னணியிலும் அது ஒலிக்கிறது.

இந்த மெட்டு சென்னைக்கு எப்படி வந்தது? சிப்பாயின் குழலிலும் முரசிலும் ஏறி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்துப் படைகளில் அயர்லாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஏராளம். சென்னையில் கம்பெனியார் திரட்டிய ஐரோப்பியப் படைப்பிரிவுதான் பிற்காலத்தில், 1881இல், பம்பாய்ப் படைப்பிரிவு ஒன்றுடன் சேர்ந்து 'ரோயல் டப்ளின் பியூசிலியர்ஸ்' என்று பெயர் மாறியது. சென்னையின் பெயர் தாங்கிய படை டப்ளினின் பெயருக்கு மாறிய அளவுக்கு அந்த உறவு நெருக்கமானது. சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்தியக் குழு அணிவகுப்பிலும் விருந்திலும் அவர்கள் நாட்டு மெட்டுகளை வாசித்தது.

அந்தக் கோட்டைக்கு வடக்கே மணலி என்ற ஊர். கம்பெனியாரின் துபாஷாக இருந்த முதலியார் குடும்பம் அங்கே இராமசுவாமி தீட்சிதரை ஆதரித்து வைத்திருந்தது. அவருடைய மக்கள்தான் முத்துசுவாமி தீட்சிதரும் பாலுசுவாமி தீட்சிதரும். முதலியாரோடு கோட்டைக்குப் போய்ப் பாண்டு வாத்தியம் கேட்ட அண்ணனும் தம்பியும் இரண்டு பொருள்களோடு திரும்பினார்கள். தம்பி வயலினை எடுத்துக்கொண்டார். நம் சங்கீதத்தில் அந்த வாத்தியம் நுழைந்த வாசல்களில் அது முக்கியமானது. அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவைதான் நொட்டுஸ்வரம் எனப்படுகின்றன. 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லும் நம் ஸ்வரமும் சேர்ந்த பெயர் அது. முப்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல், நேராக நிற்பவை. ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டுக்கு 'சந்ததம் பாஹிமாம்'. மாலோ மெட்டுக்கு 'வந்தே மீனாட்சி'. குடித்துக் கூத்தடித்த இளைஞர்களின் மெட்டில் மீனாட்சியை வணங்க ஒருவருக்கு மனம் வந்ததே, அதை நினைக்கும்போதெல்லாம் தீட்சிதர் மேல் எனக்கு அன்பு கூடுகிறது. அவர் மெட்டிடம் நடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை.

1835இல் எட்டயபுரத்தில் தீட்சிதர் மறைந்தபோது, ஐரோப்பாவின் நடுப்பகுதியில், இன்றைய செக் நாடான பொஹீமியாவில், பொல்கா என்ற புதிய நடனம் அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது. 1840களில் அது பாரிஸையும் லண்டனையும் பிடித்து ஆட்டியது. அங்கிருந்து அயர்லாந்துக்குப் போனது. இதைக் கவனியுங்கள். லண்டன் தெருவில் அந்தக் கிழவர் பொல்கா என்று வாசித்த மெட்டு, பொல்கா என்ற நடனம் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முன்னரே அச்சில் இருந்தது. மீனாட்சியின் பாட்டாக ஆனபோதும் அது பொல்கா இல்லை. பிறகு பொல்கா வந்தது. இரண்டு எண்ணிக்கைத் தாளத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய மெட்டுகளை ஆடுகிறவர்களின் கால் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மெட்டுக்கு இனத்தைக் கொடுத்தது கால்தான். சுரத்தாளைப் பார்த்து இது பொல்காவா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆடுகிறவர் எந்த இடத்தில் தரையைத் தட்டுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பொல்கா அயர்லாந்து முழுவதும் பரவினாலும் அது வேரோடியது கோர்க், கெரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஷ்லீவ் லூக்ரா என்ற சதுப்பும் மேடுமான பகுதியில். மாலோவிலிருந்து மேற்கே போனால் அந்த நாடு. ஏழை நாடு. வீட்டுக் குசினியில் மேசை கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கல் பாவிய தரையில் நான்கு சோடிகள் எதிரெதிராக நின்று ஆடுவார்கள். எட்டு அடி ஒரு பகுதி. அதைத் திருப்பி ஒருமுறை. பிறகு அடுத்த எட்டு. மெட்டு சின்னது. ஆனால் பிடிலின் வில் ஒவ்வொரு அடியின் பின்பாதியையும் ஓர் உந்து உந்தும். அந்த உந்தலில்தான் ஆடுகிறவரின் குதிகால் எழும்புகிறது. 1935இல் அயர்லாந்து அரசு பொது நடனங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டது. குருமாரும் வீட்டு நடனத்தை விரும்பவில்லை. பல ஊர்களில் குசினி ஆட்டம் அவிந்துபோனது. அந்த மேட்டுநிலத்தில் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

அந்த மெட்டுகளைக் காப்பாற்றியவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூத்துப் பழக்கும் நம் அண்ணாவிமாருக்கு அவர் உறவு. பெயர் போட்ரிக் ஓகீஃப். 1887இல் பிறந்து 1963இல் இறந்தவர். கிராமப் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தார். 1920இல் அந்த வேலை போயிற்று. அதன்பிறகு ஊர் ஊராக நடந்து பிடில் கற்றுக்கொடுத்தே வாழ்ந்தார். அவரிடம் வந்தவர்கள் விவசாயப் பிள்ளைகள். ஐரோப்பிய இசைக்குறி வாசிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்காக அவரே ஒரு குறியீடு கண்டுபிடித்தார். பிடிலின் நான்கு தந்திக்கு நான்கு இடைவெளி. எந்த விரலை வைப்பது என்பதற்கு ஓர் எண். அவ்வளவுதான். பாடம் முடிந்ததும் கையில் கிடைத்த தாளில் மெட்டை அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். மாணவர்கள் அந்தத் தாள்களைப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். டெனிஸ் மர்ஃபியும் அவர் சகோதரி ஜூலியா கிளிஃபர்டும் அப்படி வளர்ந்தவர்கள்; 1969இல் அவர்கள் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டுத்தான் அயர்லாந்தின் மற்றப் பகுதிகள் இந்தப் பொல்காக்களை மதிக்கத் தொடங்கின.

மதிக்கத் தொடங்கின என்று ஏன் சொல்கிறேன்? அதற்கு முன் மதிப்பு இல்லை. பிரான்சிஸ் ஓநீல் என்ற பெரிய மனிதர் கோர்க் மாவட்டத்தில் பிறந்து, கப்பல் ஏறி, சிகாகோ நகரத்தின் பொலிஸ் தலைவரானவர். பதவியில் இருந்தபடியே அந்த நகரத்து அயர்லாந்துக்காரர்களிடம் மெட்டுகளைத் திரட்டி 1903இல் 1850 மெட்டுகள் கொண்ட தொகுதியை வெளியிட்டார். 1907இல் 1001 நடன மெட்டுகளோடு இன்னொன்று. இன்றுவரை அயர்லாந்து இசைக்காரர்களுக்கு அது வேதம்போன்றது. அந்தத் தொகுதிகளில் ஜிக் என்ற நடனத்துக்குத் தனிப் பிரிவு உண்டு, ரீலுக்கு உண்டு, ஹோர்ன்பைப்புக்கும் உண்டு. பொல்காவுக்கு இல்லை. அது வெளியூர்ச் சரக்கு என்பதே அக்காலத்துப் பற்றாளர்களின் எண்ணம். பிறந்த ஊர் சரியில்லை என்று ஒரு வட்டாரத்து மக்களின் கால் முழுவதையும் ஏட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பிறகு பிரண்டன் பிரானக் என்ற அறிஞர் 1963 முதல் வெளியிட்ட தொகுதிகளில்தான் அவற்றுக்கு உரிய இடம் கிடைத்தது.

அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரியும். பல மெட்டுகளுக்குத் தலைப்பாக இருப்பது ஓர் ஆளின் பெயர். இன்னாருடைய பொல்கா. அவர் இயற்றினார் என்று பொருள் இல்லை. அவரிடமிருந்து கேட்டோம் என்று பொருள். ஆளின் பெயரும் கிடைக்காத மெட்டுக்கு 'கன் அனிம்' என்று போடுவார்கள். அவர்கள் மொழியில் பெயரில்லை என்பது அது. நம் ஊரின் இரண்டாவது கேள்வியைத்தான் அவர்கள் மெட்டிடம் கேட்டிருக்கிறார்கள். ஆற்றை பிள்ளை?

இனி மன்னாருக்கு வருகிறேன்.

1795 ஒக்டோபரில் மன்னார்க் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. வந்த படை சென்னையிலிருந்து வந்த படை. நம் கடற்கரை சில ஆண்டுகள் சென்னைக் கோட்டையிலிருந்தே ஆளப்பட்டது. அதை வைத்துக்கொண்டு மாலோ மெட்டு மன்னார்க் கோட்டையிலும் ஒலித்தது என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஊர்ப்பெருமைக்காக அப்படிக் கட்டிய கதைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. நான் காட்ட விரும்புவது வேறு. மணலியில் நடந்ததற்கு நேர் எதிரானது ஒன்று மன்னாரில் நடந்திருக்கிறது.

போர்த்துக்கேயர் 1560இல் இங்கே கோட்டை கட்டினார்கள். ஏறத்தாழ நூறு வருடம் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்களில்தான் நாம் இன்றும் வீடு நடத்துகிறோம். குசினி அவர்களுடையது, தாச்சி அவர்களுடையது, வாங்கில் இருந்து பாண் சாப்பிடுகிறோம், அலவாங்கால் குழி தோண்டுகிறோம். நம் கூத்திலும் ஒரு சொல் தங்கிவிட்டது. எம்பரதோர். பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். 'என்றிக் எம்பரதோர் நாடகம்' என்று மன்னார் மாதோட்டத்துக் கூத்து ஒன்றுக்குப் பெயர். என்றிக் என்பது அவர்களின் என்றிக்கே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் அதைப் பதிப்பித்தார்; 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசௌந்தரி நாடகம்' ஆகியவையும் அவருடைய பதிப்பில் வந்தன. அவர் இல்லையென்றால் இந்தப் பனுவல்கள் அண்ணாவிமாரின் கொப்பிகளோடு கறையான் வாய்க்குப் போயிருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகக் கதிரையில் இருந்துகொண்டு கூத்தைப் பற்றி எழுதியவர் இல்லை அவர். ஊர் ஊராக வந்து களரிக்கு முன் தரையில் இருந்து விடியும்வரை பார்த்தவர்.

அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அரசன் எம்பரதோர். கதை ஐரோப்பியக் கதை. ஆனால் அவன் சபைக்கு வருவது வரவுத் தருவில். கோபம் வந்தால் விருத்தம். சோகம் வந்தால் அதற்கென்று இருக்கும் ஒப்பாரிச் சாயல். கொச்சகம், கந்தார்த்தம், அகவல், சிந்து எல்லாம் நம் பாட்டு வடிவங்கள். மகாபாரதக் கூத்தில் அருச்சுனனுக்குக் கிடைப்பது எதுவோ அதுவே இவனுக்கும். மத்தளம் அடிக்கிறவர் ஐரோப்பிய அரசனுக்கென்று தனியாகச் சொற்கட்டு வைத்திருக்கவில்லை. மணலிக்கு மெட்டு வந்தது, கதை வரவில்லை. தீட்சிதர் மெட்டுக்கு நம் தெய்வத்தைக் கொடுத்தார். மாதோட்டத்துக்குக் கதை வந்தது, மெட்டு வரவில்லை. நம் புலவர்கள் கதைக்கு நம் மெட்டைக் கொடுத்தார்கள்.

எம்பரதோர் என்ற சொல்லைக் கண்டவுடனே, "அப்படியென்றால் இந்தப் பாட்டும் போர்த்துக்கேயப் பாட்டுத்தானே" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். கற்றவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். போர்த்துக்கேய இசையின் சாயல் இலங்கையில் எங்கே இருக்கிறது என்பது காதுக்கே தெரியும். தெற்கே இறங்கிப் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடிக்குப் போய், ஆபிரிக்க வழிவந்தவர்கள் கைதட்டிப் பாடும் மஞ்சாவைக் கேளுங்கள். மட்டக்களப்புப் பறங்கியரின் கபிரிஞ்ஞாவைக் கேளுங்கள். பைலாவை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த ஆறு எண்ணிக்கைத் துள்ளல் வேறு. நம் வரவுத் தருவின் நடை வேறு. அதே சமயம், பைலாவின் துள்ளலும் எவ்வளவு தூரம் போனது பாருங்கள். சிலோன் மனோகர் பாடிய 'சுராங்கனி' பாக்குநீரிணையைத் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டுத் திரைப்படத்திலும் ஏறியது. மெட்டுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படுவதில்லை.

இன்னொரு பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். கூத்து என்றால் இராமாயணம், பாரதம். மற்றவை மதத்துக்காகச் செய்தவை என்று கிறித்தவக் கூத்துகளை ஒரு படி கீழே வைக்கிற பழக்கம் நம் இலக்கிய உலகில் இருந்தது. இன்னும் முழுவதும் ஒழியவில்லை. பேசாலையில் கிறித்துவின் பாடுகளை ஆளுயர உருவங்களைக் கொண்டு காட்டும் உடக்குப் பாஸ் நடக்கும் இரவில், ஊரே அழுதுகொண்டு நிற்பதைச் சிறுவனாக நின்று பார்த்தவன் நான். தவசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது வரும் இழுவை, வீட்டில் ஒருவர் செத்தால் பெண்கள் தொடுக்கும் இழுவையின் உடன்பிறப்பு. அந்த நூலை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705இல் இலங்கைக்கு வந்த கோவாக்காரர். அவர் எழுத்துக்கு உயிர் கொடுத்த குரல் நம் அம்மாக்களின் குரல். ஓநீல் பொல்காவை வெளியே நிறுத்திய அதே காரணத்தைச் சொல்லித்தான் நாமும் இவற்றை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

வித்தியானந்தன் பதிப்புகளைப் போற்றுகிறேன். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அச்சில் வந்தது சொல். மேலே இராகத்தின் பெயர் இருக்கும், தாளத்தின் பெயர் இருக்கும். அந்தத் தரு எப்படி ஏறி எங்கே இறங்கும் என்பதை அண்ணாவியாரின் தொண்டைதான் வைத்திருக்கிறது. இங்கே வந்திருக்கும் அண்ணாவிமாருக்கு இது தெரியும். மாதோட்டப் பாங்கும் யாழ்ப்பாணப் பாங்கும் எங்கே பிரிகின்றன என்று அவர்களைக் கேட்டால், விளக்கம் சொல்லமாட்டார்கள். ஒரே தருவை இரண்டு விதமாகப் பாடிக் காட்டுவார்கள். அந்தப் பாடிக் காட்டலைத் தாளில் ஏற்றுவது முடியாத காரியம் இல்லை. ஓகீஃப் நான்கு இடைவெளியையும் எண்ணையும் வைத்துச் செய்தார். நமக்குச் சரிகமபதநி இருக்கிறது. கையில் தொலைபேசி இருக்கிறது.

காலம்தான் இல்லை. 1990இல் போரின் நடுவே என்ன நடந்தது என்பதை இந்த அவைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. எருக்கலம்பிட்டி உட்பட முஸ்லிம் கிராமங்கள் ஒக்டோபரில் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போயின. அவர்கள் கோலாட்டப் பாட்டும் கூடவே போனது. நம்மவர்கள் வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போனார்கள், மண்டபம் முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். ஒரு கூத்துக்கு முப்பது நாற்பது பேர் வேண்டும். ராசா ஒரு நாட்டில், மந்திரி இன்னொரு நாட்டில், மத்தளக்காரர் முகாமில் என்று ஆனால் எந்த மேடையில் ஏறுவது?

கூத்தையாவது மீண்டும் பழகி மேடை ஏற்றுகிறார்கள். அம்பாவை யாரும் நினைப்பதில்லை. கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வள்ளத்தில் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் இரண்டு கூட்டமாக நின்று கயிற்றை இழுப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் முதலில் நெடுந்தூரம் இருக்கும். இழுக்க இழுக்கக் கிட்டவாக வருவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கும் இடத்தில் இடுப்பு பின்னால் சாயும், கயிறு ஒரு முழம் வரும். மடி கரைக்குக் கிட்ட வந்ததும் பாட்டு முடுகும். மெட்டு மாறிவிடும். வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, மெட்டு மாறியதைக் கேட்டு, "மடி வந்திட்டுது" என்று அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவா. கச்சான் காற்றுப் பெயர்ந்து கடல் மட்டமாகக் கிடக்கும் காலத்தில் காலை நேரத்துக்கு அதுவே எங்களுக்கு மணிக்கூடு.

பிறகு கயிற்றை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியது. சில்லில் பூட்டிய உருளையில் கயிறு சுற்றிக்கொள்ளும். முப்பது பேரின் முதுகு தப்பியது. அந்த வேலையின் பாரத்தை அறிந்த எவரும் பழைய காலம் திரும்பட்டும் என்று கேட்கமாட்டார்; நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த இயந்திரம் பாட்டுக்கு இழுப்பதில்லை. அயர்லாந்தில் பல ஊர்களில் குசினி ஆட்டம் அவிந்தது என்று சொன்னேன்; அங்கே பொல்காவும் நின்றது. கால் இல்லாமல் பொல்கா இல்லை. கை இல்லாமல் அம்பா இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. போன வருடம் தாழ்வுபாட்டில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டியவர். இளமையில் அடி எடுத்துக் கொடுக்கிறவராக இருந்தவர் என்று ஊரில் சொன்னார்கள். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, தொலைபேசியில் ஒலிப்பதிவை முடுக்கிவிட்டு, அம்பா பாடச் சொன்னேன். தொடங்கினார். இரண்டு அடியில் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினார். சொல் வந்தது, மெட்டு வரவில்லை. பிறகு மெட்டு வந்தது, சொல் இடம்மாறியது. மூன்றாம் முறை, பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளைகளின் முன் அவருக்கு வெட்கமாகிவிட்டது. "கயிறு இல்லாமல் எப்பிடி மாஸ்ரர் அம்பா வரும்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பழைய நைலோன் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு நுனியைப் பனையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மறுபக்கத்தை மூன்று பேரப்பிள்ளைகளிடம் இழுத்துப் பிடிக்கக் கொடுத்தோம். பெரியவர் கதிரையை விட்டு எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டி, மற்ற நுனியைக் கையில் எடுத்தார். குதிகாலை மணலில் ஊன்றினார். கயிறு விறைத்தது.

பாட்டு வந்தது. நாற்பது நிமிடம் வந்தது. வலை வளைக்கும் மெட்டு, இழுவை மெட்டு, மடி கிட்ட வரும்போது முடுகும் மெட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக, எந்த இடத்தில் எது என்று நான் கேட்காமலே வந்தது. பதிவில் கயிறு பனையில் உரசும் சத்தம் நெடுக இருக்கிறது. ஏலேலோ வாங்கும் இடத்தில் முதலில் சின்னப் பேத்தியின் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று மூன்று பிள்ளைகளும் சேர்ந்து வாங்குகிற குரல்.

முடிந்து இருந்ததும் தண்ணீர் குடித்தார். கடைசி மெட்டு நான் வேறெங்கும் கேளாதது. அதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்குப் பேர் ஒண்டும் இல்லை, மாஸ்ரர். எங்கட அப்பு மடி வரேக்க இதைத்தான் எடுப்பார். நீங்கள் அப்புவின்ரை அம்பா எண்டு எழுதுங்கோ."

அப்படியே எழுதியிருக்கிறேன்.